உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரின் 'இசட் டிரைவ்'... ஐ.டி. டீமால் தூரத்திலிருந்தே பார்க்க முடியுமா?

ஆபீஸ் லேப்டாப்பில் எந்த சாஃப்ட்வேரையும் ஐ.டி. டீம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏற்றும், நீக்கும், தேவைப்பட்டால் ரீஸ்டார்ட்டும் பண்ணும். ஆனா, 'இசட் டிரைவ் ஓப்பன் ஆகல' என்று டிக்கெட் போட்டுப் பாருங்கள். 'அந்த டிரைவ் எந்த பாத்துக்குப் போகுதுன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க' என்று பதில் வரும். மொத்த மெஷினையும் கையில் வைத்திருப்பவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

நேரடியாகப் பார்த்தால் தெரியாது. சுற்றிவளைத்துப் போனால் தெரியும். அந்த 'சுற்றிவளைத்து' என்பதற்குள் விண்டோஸ் எப்படி வேலை செய்கிறது என்பதும் இருக்கிறது, ரான்சம்வேர் ஆபத்தும் இருக்கிறது, ஊழியர்களின் அந்தரங்கமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேப் டிரைவ் என்றால் என்ன?

'திஸ் பிசி'யைத் திறந்தால் சி, டி என்று சில டிரைவ்கள் தெரியும். அவை உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் டிஸ்க்குகள். அதற்குக் கீழே எஸ், எக்ஸ், இசட் என்று சில டிரைவ்கள் இருக்கலாம். அவை உங்கள் மெஷினில் இல்லை; அலுவலகத்தின் ஃபைல் சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டர். அதன் உண்மையான முகவரி \\ஃபைல்சர்வர்\கணக்கு என்பதுபோல இருக்கும். இந்த நீளமான முகவரியை தினமும் டைப் பண்ண முடியாது என்பதால், அதற்கு ஓர் எழுத்தைப் பெயராக வைக்கிறார்கள். அதுதான் 'மேப்பிங்'.

போனில் கான்டாக்ட் சேமிப்பது மாதிரிதான் இது. உங்கள் போனில் 'ஹவுஸ் ஓனர்' என்று இருக்கும் அதே நம்பர், இன்னொருவர் போனில் 'மாமா' என்று இருக்கலாம். அதேபோல உங்களுக்கு இசட் டிரைவ் என்பது அக்கவுன்ட்ஸ் ஃபோல்டர் என்றால், பக்கத்து சீட்காரருக்கு இசட் டிரைவ் எச்.ஆர். ஃபோல்டராக இருக்கலாம். எழுத்து ஒன்றுதான், போகிற இடம் வேறு.

இந்த எழுத்து முறை டாஸ் காலத்திலிருந்து வருவது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; அதனால் அதிகபட்சம் 26 டிரைவ்கள். முதல் இரண்டு எழுத்துகள் அன்று ஃப்ளாப்பிக்குப் போய்விட்டன. அதனால்தான் ஃப்ளாப்பியையே பார்த்திராத தலைமுறையின் லேப்டாப்பிலும் ஹார்ட் டிஸ்க் இன்னும் 'சி'யிலிருந்து தொடங்குகிறது. உள்ளூர் டிஸ்க்குகள் முன்பக்கத்திலிருந்து எழுத்துகளை எடுத்துக்கொள்வதால், மோதல் வராமல் இருக்க நெட்வொர்க் டிரைவுக்கு விண்டோஸ் கடைசியிலிருந்து இசட், ஒய் என்று பின்னோக்கிப் பரிந்துரைக்கும்.

சர்வருக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஃபைல்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் மொழியின் பெயர் எஸ்.எம்.பி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்த டிரைவ் யாருக்குச் சொந்தம்?

சி டிரைவ் கம்ப்யூட்டருக்குச் சொந்தம். யார் லாகின் பண்ணினாலும் அது இருக்கும். இசட் டிரைவ் அப்படி இல்லை. அது லாகின் பண்ணிய ஆளுக்குச் சொந்தம். ஒரே கம்ப்யூட்டரில் காலை ஷிப்டில் ஒருவரும் மாலை ஷிப்டில் இன்னொருவரும் உட்கார்ந்தால், இருவருக்கும் வெவ்வேறு நெட்வொர்க் டிரைவ்கள் தெரியும்.

இன்னும் துல்லியமாகச் சொன்னால், அது ஆளுக்குக்கூட இல்லை, அந்த ஆளின் அந்த லாகின் 'செஷனுக்கு'த்தான் சொந்தம். இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்டைச் சாதாரணமாகத் திறந்து 'நெட் யூஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். உங்கள் நெட்வொர்க் டிரைவ்களின் பட்டியல் வரும். அதே கமாண்ட் பிராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து அதே கட்டளையைக் கொடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் பட்டியல் காலியாக வரும், அல்லது டிரைவ் 'கிடைக்கவில்லை' என்று காட்டும்.

ஏன் இப்படி? விண்டோஸ் விஸ்டாவில் யூ.ஏ.சி. என்ற பாதுகாப்பு முறை வந்தது. அட்மின் உரிமை உள்ள ஒருவர் லாகின் பண்ணும்போது விண்டோஸ் அவருக்கு இரண்டு அடையாள அட்டைகள் தயாரிக்கிறது. ஒன்று சாதாரண வேலைக்கு, இன்னொன்று அட்மின் வேலைக்கு. இரண்டும் தனித்தனி செஷன்கள். ஒன்றில் போட்ட மேப்பிங் மற்றொன்றுக்குத் தெரியாது.

ஒரே ஆள், ஒரே மேஜை, ஒரே கீபோர்டு. அங்கேயே இந்த நிலைமை என்றால், வேறு மாடியிலோ வேறு ஊரிலோ உட்கார்ந்திருக்கும் ஐ.டி. ஊழியரின் நிலைமை புரிகிறதா? அவர் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டாக நுழைந்து 'என்னென்ன டிரைவ் இருக்கு?' என்று கேட்டால், விண்டோஸ் அவருடைய செஷனைப் பார்த்துப் பதில் சொல்லும். அவர் இப்போதுதான் நுழைந்திருக்கிறார். அவருக்கு என்று எந்த டிரைவும் இல்லை. பதில்: ஒன்றுமில்லை.

அப்போ எப்படித்தான் பார்ப்பார்கள்?

நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. எதுவுமே முழுப் படத்தையும் காட்டாது என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

*1. ரெஜிஸ்ட்ரி வழி*

டிரைவை மேப் பண்ணும்போது 'அடுத்த முறை லாகின் பண்ணும்போதும் இணைக்கவும்' என்று ஒரு டிக் பாக்ஸ் வருமே, அதை டிக் பண்ணினால் விண்டோஸ் அந்த விவரத்தை ரெஜிஸ்ட்ரி என்ற தன் குறிப்பேட்டில், உங்கள் பெயருக்கான பக்கத்தில் 'நெட்வொர்க்' என்ற தலைப்பின் கீழ் எழுதி வைக்கும். எந்த எழுத்து, எந்த சர்வர், எந்த ஃபோல்டர் என எல்லாமே அங்கே இருக்கும்.

அட்மின் உரிமை உள்ளவர் இந்தக் குறிப்பேட்டைத் தூரத்திலிருந்து திறக்க முடியும். ஆனால் 'தற்போதைய பயனர்' என்ற பக்கத்தை ரிமோட்டாகக் கேட்க முடியாது. 'எல்லா பயனர்களும்' என்ற பகுதிக்குள் போய், எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்களில் எது யாருடையது என்று கண்டுபிடித்து, அதற்குள் தேட வேண்டும்.

இதிலும் மூன்று சிக்கல்கள். நீங்கள் லாகின் பண்ணியிருக்கும் நேரத்தில்தான் உங்கள் பக்கம் அங்கே திறந்திருக்கும். இல்லையென்றால் உங்கள் புரொஃபைல் ஃபோல்டரில் இருக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைலைத் தனியாக எடுத்து ஏற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, அந்த டிக்கைப் போடாமல் தற்காலிகமாக இணைத்த டிரைவ்கள் இந்தப் பட்டியலில் வராது. மூன்றாவது, இதற்குத் தேவையான 'ரிமோட் ரெஜிஸ்ட்ரி' சேவை விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் இயல்பாகவே முடக்கி வைக்கப்பட்டிருக்கும். தூரத்திலிருந்து ரெஜிஸ்ட்ரியைப் புரட்ட முடிந்தால் ஹேக்கருக்கும் அது வசதிதானே!

*2. டபிள்யூ.எம்.ஐ., பவர்ஷெல் வழி*

கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்க மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் கருவிகள் இவை. 500 கம்ப்யூட்டர்களின் ரேம் எவ்வளவு, டிஸ்க்கில் இடம் எவ்வளவு என்பதை ஒரே ஸ்கிரிப்டில் எடுத்துவிடலாம். மேப் டிரைவ்களைக் கேட்பதற்கும் தனி வகை இருக்கிறது. ஆனால் ரிமோட்டாகக் கேட்டால், மேலே சொன்ன அதே செஷன் பிரச்சினை. பல நேரம் காலிப் பட்டியல்தான் திரும்பி வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிஸ்டம் அட்மின்கள் 'ஸ்கிரிப்ட் தப்போ?' என்று தலையைச் சொறியும் இடம் இதுதான். ஸ்கிரிப்ட் சரி, கேட்கிற ஆள்தான் வேறு.

*3. உங்கள் செஷனுக்குள்ளிருந்தே கேட்பது*

அனுபவசாலிகள் பெரும்பாலும் பிடிக்கும் வழி இது. வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, நீங்கள் லாகின் பண்ணும்போது உங்கள் பெயரிலேயே ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை வைத்துவிடுவார்கள். அது 'நெட் யூஸ்' பட்டியலை எடுத்து, ஊழியர் பெயர், கம்ப்யூட்டர் பெயரோடு ஒரு பொது ஃபோல்டரில் எழுதிவிடும். ஒரு வாரம் விட்டுவைத்தால், அந்த வாரத்தில் லாகின் பண்ணிய எல்லோருடைய டிரைவ் விவரமும் சேர்ந்துவிடும்.

*4. சர்வர் பக்கத்திலிருந்து பார்ப்பது*

வீடு வீடாகப் போய் 'நீங்க எந்தக் கடைக்குப் போறீங்க?' என்று கேட்காமல், கடை வாசலில் நின்று யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது மாதிரி. ஃபைல் சர்வரில் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' பகுதியைத் திறந்தால், இந்த நிமிடம் எந்த ஊழியர், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து இணைந்திருக்கிறார், எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது தெரியும். ஆனால் அவர் அதை இசட் என்று வைத்திருக்கிறாரா, எக்ஸ் என்று வைத்திருக்கிறாரா, எழுத்தே இல்லாமல் நேராக வந்தாரா என்பது சர்வருக்குத் தெரியாது. அந்த எழுத்து உங்கள் பக்கத்து விஷயம்.

சரி, இதையெல்லாம் ஏன் பார்க்கணும்?

சாதாரணக் காரணம், சர்வர் மாற்றம். பழைய ஃபைல் சர்வரை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டுப் புதியதைக் கொண்டுவரும்போது, பழைய பெயரை வைத்து மேப் பண்ணிய எல்லா டிரைவ்களும் ஒரே காலையில் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும். யார் யாரிடம் பழைய முகவரி இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் அந்தக் காலையைத் தவிர்க்கலாம். டிரைவ்களை 'குரூப் பாலிசி' மூலம் மையமாகக் கொடுத்திருந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஊழியர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட மேப்பிங்தான் தலைவலி. மூன்று வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்துப் போட்ட டிரைவ், வேறு டீமுக்கு மாறிய பிறகும் அப்படியே இருக்கும்.

பெரிய காரணம், ரான்சம்வேர். 2013-ல் பரவிய 'கிரிப்டோலாக்கர்' என்ற ரான்சம்வேர், தாக்கப்பட்ட கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கோடு நிற்கவில்லை. அதில் எழுத்தாக மேப் ஆகியிருந்த நெட்வொர்க் டிரைவ்களுக்குள்ளும் புகுந்து ஃபைல்களைப் பூட்டியது. ஒரே ஒருவர் ஒரு போலி மெயிலின் இணைப்பைத் திறந்தால், அவரிடம் எழுதும் உரிமை இருந்த டிபார்ட்மென்ட் ஃபோல்டர் முழுக்கப் போய்விடும் என்ற நிலைமை. சர்வரில் வைரஸே ஏறவில்லை. ஆனாலும் சர்வரில் இருந்த ஃபைல்கள் போயின. வைரஸைப் பொறுத்தவரை அதுவும் இன்னொரு டிரைவ், அவ்வளவுதான்.

'அப்படின்னா மேப்பிங்கை எடுத்துட்டா போதுமே' என்று தோன்றலாம். 2016-ல் வந்த 'லாக்கி' அந்த நம்பிக்கையையும் உடைத்தது. எழுத்து கொடுக்கப்படாத நெட்வொர்க் ஃபோல்டர்களையும் அதுவே தேடிப் பூட்டியது. 2017 மே 12-ல் வெடித்த 'வான்னாக்ரை' இன்னும் ஒரு படி மேலே போய், எஸ்.எம்.பி.யின் பழைய முதல் பதிப்பிலிருந்த ஓட்டையைப் பிடித்து, யாரும் எதையும் கிளிக் பண்ணாமலே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள்.

இதிலிருந்து ஐ.டி. துறை கற்ற பாடம், மேப்பிங் என்பது ஓர் அடையாளம் மட்டுமே, அதற்குப் பின்னால் இருக்கும் அனுமதிதான் முக்கியம் என்பது. ஓர் ஊழியரின் கம்ப்யூட்டர் மாட்டினால் சேதம் எவ்வளவு தூரம் போகும்? அவர் எந்தெந்த ஃபோல்டரில் எழுத முடியுமோ அவ்வளவு தூரம். டிரைவ் பட்டியலைப் பார்ப்பது அந்தக் கணக்கைப் போடுவதற்கான முதல் படி.

டிரைவ் மேப்பிங்கில் ஒளிந்திருந்த பாஸ்வேர்டு

மேப்பிங்கை மையமாகக் கொடுக்கும் வசதியே ஒரு காலத்தில் ஆபத்தாக இருந்தது. விண்டோஸ் சர்வர் 2008 காலத்தில் வந்த 'குரூப் பாலிசி பிரஃபரன்சஸ்' வசதியில், டிரைவை மேப் பண்ணும்போது அதற்கான யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்தே எழுதி வைக்கலாம். அந்த பாஸ்வேர்டு பூட்டப்பட்ட வடிவில்தான் இருந்தது. ஆனால் பூட்டைத் திறக்கும் சாவியை மைக்ரோசாஃப்ட் தன் தொழில்நுட்ப ஆவணத்திலேயே வெளியிட்டிருந்தது. அந்த ஃபைல் இருந்த இடமோ, நெட்வொர்க்கில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஃபோல்டர்.

2014 மே மாதம் வந்த பாதுகாப்பு அப்டேட், புதிதாக பாஸ்வேர்டு எழுதுவதைத் தடுத்தது. ஆனால் ஏற்கெனவே எழுதி வைத்த ஃபைல்களை அது அழிக்கவில்லை. அவற்றை அட்மின்களே தேடி நீக்க வேண்டியிருந்தது. நிறுவனங்களின் பாதுகாப்பைச் சோதிப்பவர்கள் முதலில் தேடிப் பார்க்கும் இடங்களில் இன்றும் அது ஒன்று.

என் டிரைவைப் பார்ப்பது என்னையே பார்ப்பதா?

மேப்பிங் பட்டியலைப் பார்ப்பதும், ஃபைலைத் திறந்து படிப்பதும் ஒன்றல்ல. பட்டியலில் முகவரி மட்டும்தான் தெரியும். ஆனால் முகவரியே சில நேரம் நிறையப் பேசும். வேலையை விட்டுப் போகிறவர், தனக்குச் சம்பந்தமில்லாத ஃபோல்டரைக் கடைசி வாரத்தில் மேப் பண்ணியிருந்தார் என்றால் விசாரணையில் அது முக்கியத் தகவல். டிரைவை நீக்கிவிட்டால் தடயம் போய்விடும் என்பதும் இல்லை. எந்தெந்த நெட்வொர்க் ஃபோல்டர்கள் இணைக்கப்பட்டன என்ற குறிப்பை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் ரெஜிஸ்ட்ரியில் தனியாக வைத்திருக்கும். சர்வரில் ஆடிட் வசதியை இயக்கியிருந்தால், யார் எப்போது எந்த ஷேரைத் தொட்டார் என்பதும் லாக்கில் பதிவாகும்.

நிறுவனம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் கவனிக்க வேண்டியவை.

பிரான்ஸ் ரயில்வே ஊழியர் ஒருவர், ஆபீஸ் கம்ப்யூட்டரின் 'டி' டிரைவுக்கு 'தனிப்பட்ட தகவல்கள்' என்று பெயர் வைத்திருந்தார். அதைத் திறந்து பார்த்த நிறுவனம், உள்ளே ஆபாசப் படங்களும் போலிச் சான்றுகளும் இருந்ததாகச் சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்கியது. 'இது என் அந்தரங்கம்' என்று அவர் வழக்குப் போட்டார். 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமானது. ஃபைல் அந்தரங்கமானது என்றால் அதற்குரிய சொல்லைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்பது அங்கே விதி; டிரைவுக்குப் பெயர் வைத்தது போதாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம்.

ருமேனியப் பொறியாளர் ஒருவரின் வழக்கில் 2017 செப்டம்பரில் வந்த தீர்ப்பு மறுபக்கம். அவருடைய சாட் உரையாடல்களை நிறுவனம் கண்காணித்தது. எந்த அளவுக்குக் கண்காணிப்போம் என்று ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று கூறி, ஊழியரின் உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது.

இந்தியாவில்? 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்தும் ரகசியக் கசிவிலிருந்தும் காப்பதற்கும் ஊழியரிடம் தனிச் சம்மதம் கேட்காமலே தகவலைக் கையாள இடம் தருகிறது. சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவு. அதாவது, நிறுவனம் பதிவுகளை வைத்திருப்பது இங்கே கடமையும்கூட.

அதற்காக அட்மின் பாஸ்வேர்டு தெரிந்த யாரும் யார் கம்ப்யூட்டரையும் நோண்டலாம் என்று அர்த்தமில்லை. பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரை அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'சும்மா பார்த்தேன்' என்பது ஐ.டி. ஊழியருக்கும் பதிலாகாது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

• 'நெட் யூஸ்' கட்டளையை ஒருமுறை போட்டுப் பாருங்கள். தெரியாத டிரைவ், பழைய டீமின் டிரைவ் இருந்தால் துண்டியுங்கள். ஃபோல்டருக்கான அனுமதியையும் நீக்கச் சொல்லி டிக்கெட் போடுங்கள். டிரைவை மட்டும் எடுத்தால் அனுமதி அப்படியே இருக்கும்.

• சிவப்புக் குறியைப் பார்த்ததும் பதற வேண்டாம். 15 நிமிடம் பயன்படுத்தாமல் இருந்தால் சர்வரே இணைப்பைத் துண்டிப்பது வழக்கம். கிளிக் பண்ணினால் திரும்ப வந்துவிடும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில், மேப் டிரைவ்கள் லாகினுக்குப் பின் இணையாத கோளாறை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. எல்லாமே உங்கள் தப்பு இல்லை.

• டிக்கெட் போடும்போது 'இசட் டிரைவ் வரல' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த டிரைவின் முழு முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். அந்த எழுத்து உங்கள் செஷனுக்கு மட்டுமே தெரிந்த செல்லப் பெயர்.

• சொந்த போட்டோ, சம்பள ஸ்லிப், மருத்துவ ரிப்போர்ட் எதையும் நெட்வொர்க் டிரைவில் வைக்காதீர்கள். ஃபோல்டருக்கு 'பர்சனல்' என்று பெயர் வைத்தால் அது பர்சனல் ஆகிவிடாது.

• உங்கள் நிறுவனத்தின் ஐ.டி. பாலிசியில் கண்காணிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஷேர்பாயின்ட், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் என்று பல அலுவலகங்கள் நகர்ந்துவிட்டன. கூகுள் டிரைவும் 'ஜி' என்று ஓர் எழுத்தோடு வந்து உட்காரும். ஆனால் அது மேப்பிங் இல்லை, 'நெட் யூஸ்' பட்டியலிலும் வராது. அங்கே யார் எதைத் திறந்தார் என்ற பதிவு நேராக கிளவுடிலேயே இருக்கும், ஐ.டி. டீம் உங்கள் கம்ப்யூட்டரைத் தட்டவே வேண்டியதில்லை. ஸ்க்ரீன்ஷாட் கேட்டு மெசேஜ் வருகிற வரைக்கும், உங்கள் ஆபீஸ் இன்னும் பழைய முறையில்தான் ஓடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.